கரும்பூதத்துக்குச் சாட்சி

சேலத்துக் குஸ்தி மேடையில் ஒரு காலத்தில் கரும்பூதம்தான் பெரிய வில்லன். முகமூடிக்குள் இருந்த முகத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. வயசான பிறகு அந்தப் பூதம் துரைக்கண்ணு என்ற சொந்தப் பேரோடு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஒரு லாட்ஜ் அறையில் கிடந்தது.

ஒரு நாள் சுவரெல்லாம் போஸ்டர்: 'மீண்டும் மேடையில் கரும்பூதம்!' துரைக்கண்ணு திடலுக்குப் போய்ப் பார்த்தார். முகமூடிக்குள் யாரோ ஒரு வாலிபன் நின்றான்.

"பூதம் நான்தானுங்க" என்றார்.

குஸ்தி காண்ட்ராக்டர் பரமானந்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். "முகமே தெரியாத ஆளுக்குச் சாட்சி ஏதுய்யா? நிரூபிச்சிடு, மேடை உனக்குத்தான்."

"இன்னொரு முகமூடி கொடுங்க. ரெண்டு பேரும் ஏறுறோம். ஜனங்க சொல்லட்டும்."

வாலிபன் முதலில் ஏறினான். கையசைத்தான், நாலு பக்கமும் கும்பிட்டான். நல்ல கைதட்டல்.

துரைக்கண்ணு கும்பிடவில்லை. ஏறும்போதே முன்வரிசைப் பெரியவர் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். நடுமேடையில் நின்று சாவகாசமாகத் தின்று, தோலைக் கூட்டத்தின் மேலேயே ஊதினார்.

திடலே எழுந்துவிட்டது. "கடலைத் திருடன் வந்துட்டான்டா! அதே பூதம்டா!" வசவுக்குப் பின்னாலேயே செருப்புகளும் பறந்து வந்தன. ஒன்று அவர் நெற்றியில் பட்டது.

பரமானந்தம் மேடையேறி வந்தார். "வலிக்குதாய்யா?" என்று கேட்டார்.

துரைக்கண்ணு முகமூடியைக் கழற்றவில்லை.

"இல்லீங்க. சம்சாரம் போனதிலிருந்து என்னை யாரும் திட்டக்கூட இல்லை."