மூன்று கோட் பச்சை

பல்லடத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் மாரப்பன் எலக்ட்ரீஷியன். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு கோகிலவாணிக்கு முப்பத்தொன்று. டிரைவ் வேலை கற்றுக்கொள்ள அவராகவே போய்ப் பிடித்த குரு. மில்லில் சிலர் சிரித்தார்கள். மாரப்பனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

மோட்டாரின் வேகத்தை ஆளும் அந்த டிரைவை, முதலாளியிடம் மல்லுக்கட்டி வாங்க வைத்ததும் மாரப்பன்தான். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஆயுத பூஜை முடிந்ததும் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நிற்கும் மிஷினை ஓடுகிறது என்றது. ஓடும் மிஷினைத் திடீரென்று நிறுத்தியது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் டிரைவைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்டார்ட்டரையே மாட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குருவுக்குப் போன் போட்டார்.

கோகிலவாணி வந்து டிரைவ் இருக்கும் பேனல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பசேலென்று மின்னியது.

"பூஜைக்கு நான்தானுங்க அடிச்சேன்" என்றார் மாரப்பன். "டிரைவு, கிளாம்பு எல்லாத்தையும் கழட்டி, அதுக உக்கார்ற பின் தகட்டுக்கு மூணு கோட்டு. மறுபடி இம்மி பிசகாம மாட்டியிருக்கேன்."

"அழகா இருக்குதுங்ணா."

கோகிலவாணி மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாக்கலீங்களா அம்மணி?"

"உள்ள நிக்கற கரண்ட் வடியட்டும்ங்ணா. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்தை மாரப்பன் வீணாக்கவில்லை. மிஷின் ஓடுகிறதா என்று பார்க்கும் சென்சாரை மாற்றியது, அதன் ஒயரை மாற்றியது, எலுமிச்சம்பழம் கட்டியது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"இந்த டிரைவு கிளப்பற கரண்ட் இரைச்சல்தான் சென்சாரைக் குழப்புதுங்க, ஆனா அது எப்படிங்க அந்த ஒயருக்குள்ள போகுது?"

"அது தன் வீட்டுக்குப் போற வழிய யாரோ அடைச்சுட்டாங்க. அதான் அடுத்த வீட்டுக்குள்ள பூந்துக்குது."

மோட்டார் கேபிளின் உலோக உறையைத் தகட்டோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பைக் கோகிலவாணி கழற்றினார். அடியிலும் பச்சை. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து மாரப்பனிடம் நீட்டினார்.

மாரப்பன் உப்புத்தாளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார்.

"மூணு கோட்டுங்க அம்மணி."

"ஆமாங்ணா. பெயிண்ட்டுல கரண்ட் போகாது, மூணு கோட்டையும் தாண்டி இரைச்சல் எப்படித் தகட்டுக்கு இறங்கும்?"

தேய்த்தார். கிளாம்ப் உட்காரும் இடத்திலும் டிரைவின் நான்கு மூலைகளிலும் வெறும் தகடு பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் மாட்டி முறுக்கி, மெயினைப் போட்டார்.

டிரைவின் திரையில் வேகத்தைக் காட்டும் எண் ஆடாமல் நின்றது. மிஷின் ஓடியது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்வரை ஓடியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மில்லில் பாராட்டு என்றால் அவ்வளவுதான். மாரப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு டீ சொன்னார்.

டீயைக் குடித்தபடி பேனலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாம்பைச் சுத்தித் தேய்ச்சது தெரியுதுங்க. துருவும் ஏறும். மறுபடியும் பெயிண்ட் அடிச்சா தப்புங்களா?"

"தப்பே இல்லீங்ணா. கிளாம்பும் தகடும் தொட்டுக்கிச்சு. இனி மேல எத்தனை கோட்டு வேணும்னாலும் அடிங்க."