தரகர் பிடித்த கை

கொன்றையூரை விசயகண்டன் ஆண்ட காலத்தில், ஊரில் எந்த வீடு கைமாறினாலும் அரண்மனைத் தரகர் மாசிலாமணி மூலமாகத்தான் மாறவேண்டும். வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் பேசினால் அபராதம். சண்டை வரக்கூடாது என்று அரசன் போட்ட சட்டம். சண்டை நின்றது. கூடவே வீடு விற்பதும் நின்றது.

மாசிலாமணிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி, தோளில் சரிகைத் துண்டு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்வதுதான் அவருக்கு வேலை. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செய்வார். "கேட்டவுடன் பதில் சொன்னால் தரகனுக்கு என்ன மரியாதை?" என்பது அவர் கொள்கை.

நெசவுக்காரி பெருந்தேவி ஆனி மாதத்தில் அவரிடம் போனாள். அவள் குடியிருந்த இடம் பள்ளம். மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். போன ஐப்பசியில் தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுவதும் நனைந்து பூஞ்சை பிடித்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் தறியை விற்றுவிட்டுக் கூலிக்குத்தான் போகவேண்டும். மேட்டுத்தெருவில் பூட்டிக் கிடந்த நீளக்கூடத்து வீட்டுக்கு நாற்பது வராகன் தருவதாகச் சொன்னாள்.

"சொல்லிவிடுகிறேன்" என்றார் மாசிலாமணி.

ஆடியில் போய்க் கேட்டாள். "வீட்டுக்காரர் யோசிக்கிறார்." ஆவணியில் போனாள். "பெரிய மனுஷரை அவசரப்படுத்தக் கூடாது அம்மா." புரட்டாசியில் வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் கையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

கிழக்கே மேகம் கறுத்த அன்று, அரசவை விகடர் வெண்காடரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் யார்?"

"அது தரகருக்குத்தான் தெரியுமாம் ஐயா."

"அவருக்காவது தெரியுமா என்று பார்ப்போம். நாலு நாள் கழித்துச் சபைக்கு வா."

நாலாம் நாள் போனாள். வெண்காடர் பக்கத்தில் போர்வை போர்த்திய கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அரசன் தரகரை அழைத்துக் கேட்டான்.

"இந்த அம்மாள் சொன்ன விலையை வீட்டுக்காரரிடம் சொன்னீரா?"

"சொல்லாமல் இருப்பேனா மகாராஜா? நாலு தடவை நடந்தேன். செருப்பே தேய்ந்துவிட்டது."

வாசலில் அவர் செருப்பு புதுக்கருக்கு அழியாமல் கிடந்ததைப் பெருந்தேவி வரும்போதே பார்த்திருந்தாள்.

வெண்காடர் எழுந்தார். "இவர் உழைப்பாளிதான், மகாராஜா. தரகரே, கடைசியாக எப்போது போனீர்?"

"போன வெள்ளிக்கிழமை."

"என்ன சொன்னார்?"

"வாயால் சொல்வாரா? மாட்டுச்சந்தையில் பேசுவது போலத்தான். துண்டைப் போட்டுக் கையை மறைத்துக்கொண்டு விரல் பிடித்துப் பேசுவோம். நான் அவர் கையில் நாலு விரலைப் பிடித்தேன். நாற்பது. அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐம்பதுக்குக் குறையாது என்றார்."

இன்னும் பத்து வராகனுக்குப் பெருந்தேவி எங்கே போவாள்?

"ஐந்தையுமா பிடித்தார்?" என்றார் வெண்காடர்.

"பிடியா அது? இன்னும் வலிக்கிறது."

"இடது கையாலா?"

"நல்ல காரியத்துக்கு யாராவது இடது கையை நீட்டுவார்களா? வலது கைதான். உமக்குத் தரகுத் தொழில் தெரியாது ஐயா."

"தெரியாதுதான். அதனால்தான் பக்கத்து வீட்டில் விசாரித்து, அரைநாள் நடந்து போய், வீட்டுக்காரரையே அழைத்து வந்துவிட்டேன்."

கிழவர் எழுந்து போர்வையை விலக்கினார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

அரசன் சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்தான். "சேந்தனா?"

"ஆமாம் மகாராஜா. கும்பிட முடியவில்லை, மன்னிக்கவேண்டும். வீட்டை விற்றுத்தரும்படி தரகருக்கு ஓலை அனுப்பினேன். அதோடு சரி. ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒன்று மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் வடக்குக் கோட்டைச் சண்டையில் போன கை. பதினாறு வருஷமாகிறது. போன வெள்ளிக்கிழமை இவர் அதை எங்கே பார்த்தார்?"

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான். அது யாருக்காகப் போன கை என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டான். மாசிலாமணி வலித்த விரல்களைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். காவலன் வந்து அவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினான்.

"நீங்கள் இருவருமே பேசிக்கொள்ளுங்கள்" என்றான் அரசன். "சட்டம் போட்டவனே சொல்கிறேன்."

பெருந்தேவி கிழவர் பக்கம் திரும்பினாள். "நாற்பது வராகன் தருகிறேன் ஐயா."

"எடுத்துக்கொள் தாயே. ஆனியிலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன்."

அரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இவ்வளவுதானா வெண்காடரே?"

"இவ்வளவுதான் மகாராஜா. இதை அரைநாள் தூரம் சுமந்து போகத்தான் அரண்மனைத் தரகருக்கு நாலு மாசம் போதவில்லை."