சிப்பிக்குடியில் வீட்டுக்கு ஒரு ஜஸீரா

கடலில் வாழ்கிறவையும் கரையில் வாழ்கிறவர்களும் இன்னும் பேச்சை முறித்துக்கொள்ளாத அந்தக் காலத்தில், சிப்பிக்குடி என்ற ஊரில் செல்லநாச்சி என்று ஒரு பெண் இருந்தாள். கடலில் இறங்கிப் பாசி எடுப்பது அவள் பிழைப்பு. மற்றப் பெண்களுக்குக் கழுத்தளவு வரும் தண்ணீர் அவளுக்கு மார்பளவுதான் வரும். அத்தனை உயரம். அதனால் மற்றவர்கள் திரும்பிவிடும் இடத்தைத் தாண்டிப் போய், நல்ல கொழுத்த பாசியாக அள்ளிக்கொண்டு வருவாள்.

ஊர் அதை மெச்சவில்லை. பக்கத்து வீட்டு மைமூன் ஒருநாள் விளையாட்டாக "நெட்டச்சி" என்று கூப்பிட்டாள். அது ஒட்டிக்கொண்டது. செல்லநாச்சி என்று அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே ஊருக்கு மறந்துபோனது. பெண் பார்க்க வந்தவர்கள், "மாப்பிள்ளைக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, வைத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வது?

அவளைச் செல்லநாச்சி என்றே கூப்பிட்டது ஒரே ஒரு ஜீவன். அது ஓர் ஆவுளியா. கடல்பசுவைத்தான் அந்தக் கரையில் அப்படிச் சொல்வார்கள். கடலடியில் முளைக்கும் புல்லை மேய்ந்துகொண்டு, குட்டியை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழும் சாது. ஆனால் அதன் கறிக்குச் சிப்பிக்குடியில் அத்தனை கிராக்கி. எந்த வீட்டு வாசலிலும் ஓர் ஈட்டி சாத்தியிருக்கும். செல்லநாச்சியின் அண்ணன் கலந்தரும் ஈட்டி எறிவதில் பேர் போனவன்தான். ஆகவே ஆவுளியாக்கள் தாம் மேயும் இடத்தை எந்த மனிதருக்கும் சொல்வதில்லை. செல்லநாச்சியும் தன் சிநேகிதியிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

ஒரு வருஷம், அரபு நாட்டிலிருந்து ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் ஹம்தான். கப்பல் தலைவரை அங்கே நகுதா என்பார்கள். அவர் வருஷம் தவறாமல் வந்து போகிறவர், தமிழும் பேசுவார். அந்தக் கப்பலில் சிப்பிக்குடி ஆட்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். மைமூனின் புருஷன் அவர்களில் ஒருவன். மைமூனுக்கு அப்போது நிறைமாதம்.

கப்பல் கண்ணுக்குத் தெரிந்த அன்றைக்குப் பிற்பகலில் வாடைக்காற்று திடீரென்று சீறிக் கிளம்பியது. மழை இறங்கியது. பாய் கிழிந்து, கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. உடைந்த பலகைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் மிதந்தார்கள். நீரோட்டம் அவர்களை வெளிக்கடல் பக்கமாக இழுத்தது. மழை மூட்டத்தில் எந்தப் பக்கம் கரை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கரையில் ஊரே கூடி நின்றது. ஆண்கள் தோணியைத் தள்ளிப் பார்த்தார்கள். அலை தோணியைத் தூக்கிக் கரையில் கவிழ்த்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடியும் கவிழ்த்தது. கலந்தருக்குத் தோள்மூட்டு இறங்கிவிட்டது.

"காத்து விழுந்து அடங்கட்டும்" என்றார்கள் பெரியவர்கள்.

"காத்து விழுறதுக்குள்ள அவர் எங்கே இருப்பாரோ" என்று சொன்ன மைமூன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லநாச்சி கூட்டத்தை விட்டு விலகி, பாசி எடுக்கும் இடத்துக்கு ஓடி, தண்ணீரில் இறங்கி ஆவுளியாவைக் கூப்பிட்டாள். அது கலங்கிய தண்ணீருக்கு மேல் மூக்கை நீட்டியது.

"அந்த ஆளுங்க கிட்டப் போறதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாள்.

ஆவுளியா ஆழக்கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு சொன்னது: "இருக்கு. கரையிலிருந்து ஒரு மணல்மேடு தண்ணிக்குள்ளேயே போகுது. அதோட கடைசியிலதான் எங்க மேய்ச்சல். எங்க குட்டிங்க எல்லாம் அங்கேதான் கிடக்கு. அந்த மேட்டு மேல நின்னா உனக்குக் கழுத்தளவு வரும். வேற யாருக்கும் கால் எட்டாது."

"காட்டுறியா?"

"காட்டினா நாளைக்கு உங்க ஊர் ஈட்டி அத்தனையும் அங்கே வரும், செல்லநாச்சி."

செல்லநாச்சிக்கு அது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் அண்ணனையே அவளுக்குத் தெரியும். "வராமப் பார்த்துக்கிறது என் பொறுப்பு. எப்படின்னு இப்பத் தெரியலை. ஆனா பார்த்துப்பேன்" என்றாள்.

ஆவுளியா அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி, முன்னால் நீந்தியது. அவள் பின்னால் நடந்தாள்.

இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. காலடியில் மணல், பிறகு வழுக்கும் புல். அலை முகத்தில் அறைந்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேட்டின் கடைசிக்கு வந்ததும் ஆவுளியா தன் இனத்தைக் கூப்பிட்டது. அவை குட்டிகளை ஆழத்தில் விட்டுவிட்டு வந்து, அலை வரும் பக்கமாக ஒன்றையொன்று ஒட்டிச் சுவர் மாதிரி கிடந்தன. அலையின் வேகம் அவற்றின் முதுகில் உடைந்தது. செல்லநாச்சி காலை ஊன்றி, கையை உயர்த்தி, குரல் போன மட்டும் கூப்பிட்டாள்.

பலகையில் தொங்கிக்கொண்டிருந்த நகுதா ஹம்தான்தான் முதலில் பார்த்தார். நடுக்கடலில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். மிதக்கவில்லை, நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் அங்கே நிலம் இருக்கவேண்டும். தன் ஆட்களைப் பார்த்து, "ஜஸீரா, ஜஸீரா" என்று கத்தினார். எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு அவளை நோக்கிக் கையையும் காலையும் அடித்தார்கள்.

வந்து சேர்ந்தவர்களுக்கு அங்கே நிலம் எட்டவில்லை. எட்டியது அவள்தான். ஒரு மாலுமி கொண்டுவந்த கயிற்றை அவள் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். மற்றவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்து அவளைச் சுற்றி மிதந்தார்கள். மைமூனின் புருஷன் கால் எலும்பு முறிந்து நினைவில்லாமல் கிடந்தான். அவனை முதுகில் சாய்த்துக்கொண்டாள். ஆணி துருத்திய ஒரு பலகை வந்து ஆவுளியாவின் முதுகைக் கிழித்தது. அது நகரவில்லை. அதைப் பார்த்த செல்லநாச்சியும் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் நீர் வற்றத் தொடங்கியது. கழுத்திலிருந்து மார்புக்கு வந்தது. மாலுமிகளின் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டன. அவள் முன்னால் நடக்க, கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் வரிசையாகக் கரை ஏறினார்கள். சிப்பிக்குடியே ஓடி வந்து அவர்களைத் தாங்கிக்கொண்டது. மைமூன் எழுந்து வந்து செல்லநாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூச்சு வந்ததும் செல்லநாச்சி நகுதாவிடம் கேட்டாள். "ஜஸீரா, ஜஸீரான்னு கத்தினீங்களே, அப்படின்னா என்ன?"

"தீவு" என்றார் அவர். "கடலுக்கு நடுவிலே தரை. உங்களைத் தீவு என்று நினைத்தேன். கிட்டே வந்து பார்த்த பிறகும் நான் அந்தப் பெயரைத்தான் சொன்னேன், ஆனால் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டேன். எங்கள் பேச்சில் நடுவிலே வரும் 'ஸீ'யைப் பல்லிடுக்கில் வண்டு மாதிரி ரீங்கரித்தால் தீவு. ரீங்காரம் இல்லாமல் காற்றை மட்டும் விட்டால் துணிச்சல்காரி."

கூடியிருந்தவர்கள் இரண்டையும் சொல்லிப் பார்த்தார்கள். வண்டு யாருக்கும் வரவில்லை.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வருது" என்றான் கலந்தர், தோளைப் பிடித்துக்கொண்டே.

"ரெண்டும் ஒண்ணுதானே. அதை இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தோம்" என்றாள் மைமூன்.

சில நாளில் மைமூனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சொல்ல லெப்பை வந்தார். ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர்.

"ஜஸீரான்னு சொல்லுங்க" என்றாள் மைமூன்.

லெப்பை யோசித்தார். "நம்ம வீடுகள்ல இதுவரைக்கும் யாரும் வைக்காத பெயராச்சேம்மா."

"இதுவரைக்கும் யாரும் கடல்ல நடந்தும் போகலையே."

லெப்பை புன்னகைத்தார். "பொருள் நல்ல பொருள். தடையில்லை. ஆனா பெயருக்கு உரியவ சம்மதிக்கணும்."

செல்லநாச்சியைக் கூட்டிவந்தார்கள். அவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தபோது, ஆவுளியாவுக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று அத்தனை நாளாகத் தேடிய வழி அவளுக்குத் தெரிந்தது.

"வச்சுக்குங்க. யார் கேட்டாலும் வச்சுக்கட்டும்" என்றாள். "ஆனா அந்தப் பெயர் இருக்கிற வீட்டு வாசல்ல ஈட்டி இருக்கக் கூடாது, ஆவுளியாக் கறி அடுப்பு ஏறக் கூடாது. அன்னைக்குத் தண்ணிக்குள்ள நான் மட்டும் நிக்கலை. என்னைத் தாங்கிக்கிட்டு அதுங்களும் கிடந்துச்சு. ரத்தம் வழிய வழியக் கிடந்துச்சு. அந்த மேட்டை அதுங்க நம்மளை நம்பிக் காட்டுச்சு."

கட்டிலில் காலைக் கட்டிப் படுத்திருந்த மைமூனின் புருஷன் வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். "அந்த ஈட்டியை எடுத்து உடைச்சுப் போடுங்க" என்றான்.

லெப்பை குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்லி, ஜஸீரா என்று பெயர் சொன்னார். பெயருக்கு உரியவள் அதைக் கேட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை ஜஸீரா தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அடுத்துப் பிறந்தது கலந்தரின் மகள். அவளும் ஜஸீரா. பேர் போன தன் ஈட்டியைக் கலந்தர் தானே அடுப்பில் வைத்தான். கப்பலில் உயிர் பிழைத்தவர்களின் வீடுகள் தொடர்ந்தன. பெண் குழந்தை இல்லாதவர்கள் பேத்திக்குக் காத்திருந்தார்கள். நகுதா ஹம்தானும் ஊர் திரும்பித் தன் மகளுக்கு அதே பெயரை வைத்ததாக மறுவருஷம் வந்த கப்பலில் செய்தி வந்தது. வீட்டுக்கு வீடு பெயர் ஏற ஏற, வீட்டுக்கு வீடு ஈட்டி இறங்கியது. ஒரு தலைமுறை போவதற்குள் அந்த ஊரில் ஈட்டி செய்யத் தெரிந்த கொல்லனும் இல்லாமல் போனான்.

இன்றைக்கும் அந்தத் தெருவில் நின்று "ஜஸீரா" என்று கூப்பிட்டால் பத்து வாசலில் தலை தெரியும். கடைவீட்டு ஜஸீரா, மாடிவீட்டு ஜஸீரா, சின்ன ஜஸீரா என்று அடையாளம் சொல்லித்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். கட்டிக்கொடுத்த ஊர்களுக்கும் பெண்கள் அதைக் கொண்டுபோனார்கள். பொருள் கேட்டால் சிலர் தீவு என்பார்கள், சிலர் துணிச்சல்காரி என்பார்கள். யாரும் யாரையும் திருத்துவதில்லை.

நடுக்கடலில் ஒருத்தி நின்ற அந்த நாளிலிருந்துதான் சிப்பிக்குடியில் வீட்டுக்கு ஒரு ஜஸீரா பிறக்கிறாள். ஆவுளியாக்கள் அந்த மேட்டில் குட்டிகளோடு பயமில்லாமல் மேய்கின்றன.