எலும்புக்கு அடியில் என்ன?

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு காட்டெருமையின் எலும்புக்கூடு கிடந்தது. கிழட்டு ஆமை ஒன்று விடிந்ததும் அதன் எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும். இரை தேடாது. யாரோடும் பேசாது. எலும்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

புதருக்குள்ளிருந்து இதைக் கவனித்த நரிக்கு மண்டை குடைந்தது. துளிச் சதையும் இல்லாத எலும்பை எவனாவது சும்மா பார்ப்பானா?

"ஆமையண்ணே! அங்கே என்ன வேலை?"

"சாவை நினைக்கிறேன், தம்பி. மலைக்குகையில் ஒரு புத்த பிக்கு தங்கியிருந்தார். அவர் இப்படித்தான் உட்காருவார். இந்த எருமையும் என்னைப் போல மூச்சு விட்டதுதானே? இப்போது விடுகிற மூச்சுக்கு அடுத்தது வருமென்று யார் சொன்னது?"

"ஐயையோ, ஆமாம் அண்ணே!" என்று நரி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்புறம் நேரே முயல்களிடம் ஓடியது. கழுத்தை நீட்டி, கண்ணைச் செருகி, "அடுத்தது வருமென்று யாஆஆர் சொன்னது?" என்று ஆமைக்குரலில் இழுத்துக் காட்டியது. முயல்கள் உருண்டு உருண்டு சிரித்தன.

"சாவாம், மூச்சாம்!" என்றது நரி. "எலும்புக்கு அடியில் எதையோ புதைத்துவிட்டுக் காவல் காக்கிறான்!"

அந்தக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. ஓரத்தில் சேறு தெரிந்ததுமே ஆமை கிளம்பிவிட்டது.

"எங்கே அண்ணே?"

"மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு. இங்கேயே இருந்தால் செத்துப்போவோம். நீயும் வா."

"இன்னும் தண்ணீர் கிடக்கிறதே!"

"நாளைக்கு நான் இருப்பேனோ என்னவோ. இன்றைக்குக் கால் நடக்கிறது, நடக்கிறேன்."

சிரித்த முயல்களும் மூட்டை கட்டாத குறையாக அதன் பின்னால் போயின. நரியின் காது விறைத்தது. என்னையும் ஏன் கூப்பிடுகிறான்? என்னைக் கிளப்பிவிட்டு, பாதி வழியில் நைசாகத் திரும்பிவந்து தோண்டுவானோ?

"நீங்கள் முன்னால் போங்கள் அண்ணே! நான் நாலு பாய்ச்சலில் பிடித்துவிடுவேன்!"

ஆமை மறைந்ததுதான் தாமதம். நரி எலும்புகளை இழுத்தெறிந்துவிட்டு மண்ணைப் பறித்தது. ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாகப் பறித்தது. ஒன்றுமில்லை! நாள் கணக்கில் பறித்தது. பின்னால் குளத்துச் சேறு காய்ந்து வெடித்தது. நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகம் பெயர்ந்தது. நாக்கு உலர்ந்தது. குழிக்குள் குப்புற விழுந்த பிறகுதான் நரிக்கு எல்லாம் விளங்கியது.

"எடுத்துக்கொண்டு போய்விட்டான்! ஓட்டுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், திருட்டுப்பயல்!"

துரத்திப் பிடிக்க எழுந்தது. கால் எழவில்லை.

சாவை நினைக்கிறவன் சாவதற்குள் செய்யவேண்டியதைச் செய்துவிடுகிறான். அவனைச் சந்தேகப்பட்டே பொழுதைத் தீர்க்கிறவனுக்கோ, தனக்கும் சாவு உண்டென்பது கடைசிவரை தோன்றுவதேயில்லை.