தஸ்நேவிஸ் சாமி வாய் வைத்த தண்ணீர்

முள்ளிவிளையில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்தான் வரும். காபி, கலர், பலகாரம் எல்லாம் அதற்குப் பிறகு. சுற்றிலும் உப்பளம். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் லாரியில் வந்து, குடத்தில் ஏறி, இடுப்பில் வீடு வந்து சேர வேண்டும். அப்படி வந்த தண்ணீரை நீட்டும்போது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரிக்கு முகம் விழுந்துவிடும். கோயில் பாதிரியாரான பங்குச்சாமியே ஆனாலும் அவள் மறக்க மாட்டாள்.

இப்படிப்பட்ட ஊருக்கு வாய்த்த சாமிக்குத்தான், பாவம், தண்ணீர் குடிக்கக் கூடாது.

தஸ்நேவிஸ் சாமிக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருந்தார். நாள் முழுக்க ஒரு சின்னக் குப்பி. மாத்திரை விழுங்குவது, பூசை முடிவில் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கழுவிக் குடிப்பது, எல்லாம் அந்தக் குப்பிக்குள் அடங்க வேண்டும். மீறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும்.

அதனாலோ என்னவோ, அந்த மனிதருக்குச் சொப்பனம் பூராவும் தண்ணீர். காலையில் எழுந்ததும் யாராவது அகப்பட்டால் உட்கார வைத்துச் சொல்லுவார். ஒருநாள் தாமிரபரணி அவர் கட்டிலுக்கடியில் ஓடியதாம். இன்னொரு நாள் கோயிலில் தீர்த்தத் தொட்டி பொங்கிப் பொங்கி, பீடம் மிதந்து, அதன் மேலிருந்த புனிதர் சந்தியாகப்பர் குதிரையோடு வாசல் வழியே நீந்திப் போனாராம். போகிற போக்கில் குதிரை இவரைப் பார்த்து, "நீரும் வாரீரா?" என்று கேட்டதாம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பெரும்பாலும் அகப்படுகிறவர் இன்னாசி சாமி. அவருக்கும் மீசை நரைத்தாயிற்று. குருமடத்தில் தஸ்நேவிஸ் சாமியிடம் படித்தவர். குருவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் ஆயரிடம் தானே கேட்டு உதவிக்கு வந்து சேர்ந்தார்.

வெளியே சொன்ன காரணம் அது. உள்ளே வேறொன்று இருந்தது. கொஞ்ச காலமாக அவர் செபம் செய்ய உட்கார்ந்தால் எதிரில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. பூசை வைப்பார், பிரசங்கம் செய்வார், சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. வருஷக்கணக்கில் இப்படி. குருப்பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். போகுமுன் ஒரே ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் முள்ளிவிளைக்கு வந்தார். வந்து கேட்கத் தைரியமில்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

பாஸ்கா திருநாள் முடிந்து இரண்டு சாமிகளும் வீடு வீடாக மந்திரிக்கக் கிளம்பினார்கள். முதல் வீட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வந்தது. தஸ்நேவிஸ் சாமி வாங்கி, சிலுவை போட்டு, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரி பெற்ற பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கினாள். வீட்டிலிருந்த எல்லாரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. தெருக்கோடி வரைக்கும் அப்படியே.

விஷயம் இதுதான். நோய் வந்த வருஷம் சாமி குடிக்கவும் முடியாமல், மறுக்கவும் மனசில்லாமல் உதட்டை நனைத்துத் திருப்பிக் கொடுக்க, அந்த வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும். ஊர் அதை ஒத்துக்கொள்ளுமா? சாமி வாய் வைத்த தண்ணீர் என்று பேர் கட்டிவிட்டது. அப்புறம் பிரசவத்துக்குப் போகிறவள், பரீட்சைக்குப் போகிறவன், சீக்காளி, எல்லாருக்கும் அதுதான்.

வீடு திரும்பியதும் இன்னாசி சாமி பொங்கிவிட்டார். இது மூடநம்பிக்கை, நீங்களே இதற்கு இடம் கொடுக்கலாமா என்றார். "அது வெறும் தண்ணி, சாமி!"

"வெறும் தண்ணிதான்" என்றார் தஸ்நேவிஸ் சாமி. கோயிலில் வைத்தே சொல்லியாயிற்றாம். கிட்னி போய்விட்டது, டாக்டர் குடிக்கக் கூடாது என்கிறார், அதுதான் சங்கதி, வேறொன்றும் இல்லை என்று பீடத்தில் நின்று சொன்னாராம். எல்லாரும் தலையை ஆட்டினார்களாம். சாமிக்குத்தான் என்ன தாழ்ச்சி என்று பேசிக்கொண்டே போய், மறுநாள் இன்னும் நாலு டம்ளர் கூடக் கொண்டு வந்தார்களாம்.

இன்னாசி சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லாதவன் பூசை வைக்கலாமா, சாமி? நான் வறண்டு போய்ட்டேன். எனக்கே இல்லாதத நான் எடுத்து நீட்டுறேன், அவங்க வாங்கிட்டுப் போறாங்க. இது ஏமாத்து இல்லையா?"

தஸ்நேவிஸ் சாமி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதை மூடி வைத்தார். கேட்டது காதில் விழுந்ததா என்றுகூட இன்னாசி சாமிக்குச் சந்தேகமாயிருந்தது.

"ஆயரைப் பாத்துச் சொல்லிட்டு அப்படியே போயிரலாம்னு இருக்கேன். நாளைக்கு மத்தியான பஸ்."

"வெயில் கடுமையா இருக்கு. குடை கொண்டு போம்" என்றார் தஸ்நேவிஸ் சாமி. அவ்வளவுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். காலையிலேயே ஆட்டோ வந்து தஸ்நேவிஸ் சாமியை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது அவர் கையைக்கூடப் பிடிக்கவில்லை. தண்ணீர்ப் பானையை மூடிவிட்டுப் போகச் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா என்று இன்னாசி சாமி நினைத்தார். காபிகூடக் குடிக்காமல் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சி வெயிலில் கஸ்பார் ஓடி வந்தான். உப்பளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் அவன் அம்மா பிரகாசி படுக்கையில் கிடந்தாள். முந்தின நாளே இன்னாசி சாமி போய் சாகக் கிடப்பவர்களுக்குரிய எண்ணெய் பூசி, நன்மை அப்பம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்றைக்கு அவள் கேட்பது சாமி வாய் வைத்த தண்ணீர். கஸ்பார் கொண்டு வந்த சில்வர் டம்ளரில் அங்கிருந்த பானையிலிருந்து தளும்பத் தளும்ப மொண்டு நீட்டினான்.

பெரிய சாமி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார் இன்னாசி சாமி.

"நீங்க இருக்கீங்கல்லா" என்றான் கஸ்பார்.

அவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சாமி என்றால் சாமிதான். இன்னாசி சாமி சிலுவை போட்டு உதட்டை நனைத்தார். திருட்டுத்தனம் செய்கிற மாதிரி கை கூசியது. டம்ளரை நீட்டினால் கஸ்பார் வாங்கவில்லை. தங்கச்சி ரயிலில் வந்து இறங்குகிறாளாம், அம்மா முகத்தைப் பார்க்க அவளைக் கூட்டி வர வேண்டுமாம், நீங்களே கொண்டு போய்க் குடுத்திருங்க சாமி என்று சொல்லிவிட்டு ஓடினான்.

குடை பையோடு கிடந்தது. டம்ளரை ஒரு கையில் பிடித்து, மறு கையால் மூடிக்கொண்டு இன்னாசி சாமி பாத்தி வரப்பில் இறங்கி நடந்தார்.

இரண்டு பக்கமும் வெள்ளை. பாத்தித் தண்ணீரில் வானம் கிடந்தது. தூரத்து உப்புக் குவியல்கள் தரையை விட்டு எழும்பி மிதந்தன. காலடியில் வரப்பு இருக்கிறதா, மேகத்தில் நடக்கிறோமா என்று தெரியவில்லை. எத்தனை நேரம் நடக்கிறோம் என்ற நினைப்பும் விட்டுப்போயிற்று. கட்டிலுக்கடியில் ஓடிய ஆறு இதுதானோ என்று தோன்றியது. இப்போது ஒரு குதிரை நீந்தி வந்து வாரீரா என்று கேட்டாலும் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கைக்குள் தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. அதன் வாசனைகூட வந்தது. அவர் டம்ளரை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு அவருடைய பஸ் வந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். ஓடினால் தண்ணீர் சிந்தும். பஸ் நின்றது, ஆள் ஏற்றியது, போனது. அவர் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார்.

குடிசையில் மருமகள் கிழவியின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். இன்னாசி சாமி ஸ்பூனால் ஊட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளர் பூராவும் இறங்கியது. பிரகாசி உதட்டை நக்கிக்கொண்டு, "போதும் சாமி" என்றாள். பிறகு நல்ல உறக்கம் வந்தவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வந்து சேரும்வரை மூச்சு இருந்தது. அதற்குப் பிறகுதான் நின்றது.

செபம் சொல்லி, ஆக வேண்டியதைப் பார்த்துவிட்டு, இன்னாசி சாமி நேரே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெயில் சாய்ந்திருந்தது. வார்டில் மெஷின்கள் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் அரைத்தூக்கத்தில் கிடந்தார்கள். அன்றைக்கு மெஷின் காலியாகவே மத்தியானம் தாண்டிவிட்டதாம்; தஸ்நேவிஸ் சாமி கையில் செருகிய குழாயோடு கண்ணை மூடியிருந்தார்.

"குளத்துல முங்கிக் கெடந்தேன். எழுப்பிட்டீரு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "பஸ் போச்சாக்கும்?"

இன்னாசி சாமி எல்லாவற்றையும் கொட்டினார். பிரகாசி போய்விட்டாள் என்றார். தான் வாய் வைத்த தண்ணீரை நம்பிக் குடித்தாள் என்றார். அப்போதும் தனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சாகிறவளையும் ஏமாற்றிவிட்டேனே என்றார். குரல் உடைந்துபோயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தஸ்நேவிஸ் சாமி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"குடிச்சாளா?"

"குடிச்சா. சொட்டு மிச்சம் வைக்கல."

"வரப்புல வரும்போது சிந்திச்சா?"

"இல்ல, சாமி. கொஞ்சங்கூடச் சிந்தல."

"நல்ல வெயிலாச்சே. உமக்குத் தாகம் எடுக்கலையா?"

"எடுத்துது. நாக்கு ஒட்டிக்கிட்டுது. உயிர் போற தாகம்."

தஸ்நேவிஸ் சாமி கண்ணைத் திறந்தார். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, இன்னாசி சாமியை முதல்முறை பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"வெறும் தண்ணிதானவே. குடிச்சிருக்கலாமே."