ஃபினாயில் பாட்டில்

இறக்குமதி மீன் கடையில் மீன் வெட்டுகிறவள் மரியபுஷ்பம். முதலாளி இல்லாத நேரம் பார்த்து, உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார். நார்வே சால்மன் பெட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை.

“கெட்டுப்போன மீன்! லைசென்ஸை ரத்து பண்ணிடுவேன். பெட்டியை என் ஜீப்ல ஏத்து.”

“சரிங்க சார்,” என்றவள், தரை கழுவ வைத்திருந்த ஃபினாயில் பாட்டிலைத் திறந்தாள். “கெட்ட மீனை யாரும் தின்னுடாம இதை ஊத்தித்தானே அழிப்பீங்க? நானே ஊத்திடறேன்.”

ஆய்வாளர் பதறிப்போனார். “ஏய், ஊத்தாதே! பொண்ணு நிச்சயதார்த்த விருந்துக்கு வேணும். அருமையான மீன்டி!”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மரியபுஷ்பம் ஒரு கையால் பாட்டிலை மீன் பெட்டிக்கு மேல் பிடித்தபடி, மறுகையால் ஆய்வுப் பதிவேட்டை நீட்டினாள்.

“அருமையான மீன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். சீக்கிரம், எனக்குக் கை வலிக்குது.”

கையெழுத்து விழுந்தது. ஜீப் காலியாகத் திரும்பியது.