ஓடைக்கோடிக்குப் போகும் வண்டி

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையை மணிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சரி என்றதைச் சாயங்காலம் கூடாது என்பான், அப்படியொரு மனசு.

சீமையின் கடைசி ஊர் ஓடைக்கோடி. அரண்மனைச் செலவில் வாரம் ஒருமுறை ஒரு மாட்டுவண்டி அங்கே போய், ஏறுகிறவர்களைத் தலைநகருக்கு அழைத்துவரும்.

"வண்டி இங்கிருந்து காலியாகப் போகிறது மகாராஜா! அந்த மாடுகளை நம் தேரில் பூட்டலாமே" என்றார் பிரதானி சூரப்பர். ராஜா வண்டியை நிறுத்திவிட்டான்.

ஓடைக்கோடியில் சடைச்சி தனி ஆள். புருஷன் இல்லை, ஒரே மகள் வாழ்க்கைப்பட்டது தலைநகரில். வண்டி நின்றதும் அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எள்ளுக்காட்டை நம்பிப் பிழைக்கிறவள் எங்கே போவாள்? உலைப்பானையிடம் பேசினாள். ஒருநாள் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. பயந்துபோய்த் தலைநகருக்கு நடந்தாள். இரண்டு நாள் நடை. சபையில் போய் நின்று, வண்டியை மறுபடி விடச் சொல்லிக் கேட்டாள்.

"ஒருத்திக்காக ஒரு வண்டியா?" என்று சிரித்தான் ராஜா.

"மகாராசா, வாளி காலியாத்தான் கிணத்துக்குள்ள இறங்குது. அதுக்காகக் கயித்தை அறுத்துடுவோமா?"

சபை கலகலத்தது. சூரப்பருக்குப் பொறுக்கவில்லை. "நடந்துதானே வந்தாய்? எப்போதும் அப்படியே வா!"

"ஐயாவும் ஒருதடவை நடக்கட்டும். என்னை ஒரு வண்டியில கொண்டுவந்து விட்டுட்டு, தனியா நடந்து திரும்பட்டும். அப்புறமும் வண்டி வேண்டாம்னு சொன்னா நான் கேக்கமாட்டேன்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "ஆகட்டும்!" என்றான்.

நான்காம் நாள் சூரப்பர் நொண்டிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"கால் வலியா, பிரதானியாரே?"

"கால் கிடக்கட்டும் மகாராஜா. வழிநெடுக ஒரு மனுஷ முகம் இல்லை. ஒரு பனைமரத்தைப் பார்த்து 'சௌக்கியமா' என்று கேட்டுவிட்டேன்." அவர் ராஜாவைக் கும்பிட்டார். "வண்டி மறுபடியும் ஓடட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா உடனே உத்தரவிட்டான். "இனி வாரம் இருமுறை, கூண்டு கட்டிய வண்டி. உம் பல்லக்குச் செலவு அந்த மாடுகளின் தீவனத்துக்கு. நீர் நடந்து வாரும். சடைச்சிக்குப் பட்டுச்சேலை!"

முதல் வண்டியிலேயே சேலை வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சடைச்சி ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கே ஆத்தா, மக வீட்டுக்கா?" என்றான் வண்டிக்காரன்.

"அவ ஊரில இல்லப்பா. ஊர் எல்லை ஓடைத்துறை வரைக்கும் வந்துட்டு நடந்து திரும்பிடறேன். நீ ஏதாவது பேசிக்கிட்டே ஓட்டு."